எட்டு நாற்பத்திரண்டு முந்நூற்று முப்பத்தாறா?

பேத்திக்கு அப்போது வாய்ப்பாடு மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் படும் எண்ணையெல்லாம் பெருக்கிப் பார்க்கிற வயது. மேசையில் கிடந்த என் பைனாகுலரைப் புரட்டிப் பார்த்தவள், அதில் 8×42 என்று பொறித்திருந்ததைப் படித்துவிட்டு, விரலால் மேசைமேல் ஏதோ எழுதி, "முந்நூத்தி முப்பத்தாறு. சரியா தாத்தா?" என்றாள்.

"கணக்கு சரி. ஆனா இது பெருக்கல் இல்ல" என்றேன்.

"அப்புறம் எதுக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கான்?"

நியாயமான கேள்வி. முதல் பைனாகுலர் வாங்கப் போனபோதே நான் இதைக் கேட்டிருந்தால் இரண்டு பைனாகுலர்களுக்கான பணம் மிஞ்சியிருக்கும். 8 என்பது உருப்பெருக்கம், பொருள் எட்டு மடங்கு பக்கத்தில் வந்ததுபோலத் தெரியும். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஒன்று மடங்கு, இன்னொன்று நீளம். இரண்டையும் பெருக்கினால் ஒரு எண் வரும், ஆனால் பைனாகுலருக்குள் அந்த அளவில் எதுவும் கிடையாது. வகுத்தால்தான் கையில் பிடித்து அளக்கக்கூடிய ஒன்று கிடைக்கிறது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண் வைக்கும் பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது, 5.25 மி.மீ. பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்துப் பார்த்தால், கண்ணருகு லென்ஸுக்குள் ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதப்பது தெரியும். அதேதான். (வானம் என்றால் சூரியன் இல்லாத பக்கம். பைனாகுலரில் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். பேத்திக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான், வகுத்தல் அப்புறம்.)

நான் முதலில் வாங்கியது 20×50. அன்றைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு, பெரிய எண் நல்ல எண். ஒரு கிலோமீட்டரில் இருப்பதை 20 மடங்கு பெருக்கினால் 50 மீட்டரில் நிற்பதுபோல் இருக்கும், யார்தான் வேண்டாம் என்பார்கள்? உச்சி வெயிலில் கடை வாசலில் நின்று, சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. வாங்கிவிட்டேன். அன்று சாயங்காலமே சாயம் வெளுத்தது. மரத்தில் ஒரு பறவை இருந்தது. என் கை நடுக்கமும் இருபது மடங்காகி, அந்தப் பறவை நடனமே ஆடியது. போதாததற்கு எல்லாம் மங்கல்.

மதியம் பளிச்சென்று இருந்தது சாயங்காலம் ஏன் மங்கியது என்பது வகுத்தால் புரிகிறது. 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவையே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஆகவே 2.5 மி.மீ. வட்டம் அதற்குப் போதும், அந்த நேரத்தில் நல்லது கெட்டது தெரியாது. வெளிச்சம் குறையக் குறையப் பாவை விரிகிறது, கருவி தரும் வட்டம் விரிவதில்லை. பிம்பத்தின் பிரகாசம் வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது என்பதால் விட்டத்தை வர்க்கப்படுத்த வேண்டும். 2.5-இன் வர்க்கம் 6.25. என் கண் 5 மி.மீ. விரிந்தால் வர்க்கம் 25. கருவி இல்லாமல் கண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பிரகாசத்தில் கால் பங்குதான் எனக்கு வந்திருக்கிறது. பைனாகுலரை மதியத்தில் சோதித்து வாங்காதீர்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பொழுது சாயும்போது போங்கள், அல்லது கடைக்குள்ளேயே மேசைக்கு அடியில் இருட்டாக இருக்கும் மூலையைப் பாருங்கள்.

சூடு கண்ட பூனை ஆயிற்றே, அடுத்து எதிர்த்திசையில் ஓடினேன். 7×50. வகுத்தால் 7.1. இருட்டில் இளவயதுக் கண் ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், அதற்குப் பொருத்தமான கருவி என்று படித்திருந்தேன். படித்தது சரிதான். என் வயது என்ன என்பதைத்தான் யோசிக்கவில்லை. வயது ஏற ஏறப் பாவை முன்போல் விரியாது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, ஆகவே அளந்துபார்ப்பதே நல்லது. அதற்கு ஓர் எளிய வழி: வீட்டில் ஆலன் கீ கட்டு (பல தடிமன்களில் வரும் அறுகோணக் கம்பிச் சாவிகள்) இருந்தால் எடுத்துக்கொண்டு, நன்றாக இருட்டிய இடத்தில் இருபது நிமிடம் கண்ணைப் பழக்க வேண்டும். பிறகு ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தபடி, ஒரு கீயைக் கண்ணுக்கு மிக அருகில், கண்ணில் படாமல், நேர் குறுக்கே பிடிக்க வேண்டும். கீ பாவையைவிட ஒல்லியாக இருந்தால் நட்சத்திரம் அதன் இரண்டு பக்கமும் தெரியும். தடிமனாக இருந்தால் மறைந்துவிடும். எனக்கு 5 மி.மீ. கீ வரைக்கும் தெரிந்தது, 6-இல் மறைந்தது.

அப்படியென்றால் 7.1 மி.மீ. வட்டத்தில் நடுவிலுள்ள 5 மி.மீ. மட்டும்தான் என் கண்ணுக்குள் போகிறது. இப்போது பெருக்கலாம்: 5×7=35. என்னைப் பொறுத்தவரை அது 7×35. 50 மி.மீ. கண்ணாடிக்குக் காசு கொடுத்து, அதன் எடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, 35-இன் வெளிச்சத்தைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆடுகிற படகில் நின்று பார்ப்பவர்களுக்கு அந்தப் பெரிய வட்டம் உண்மையிலேயே உதவும், கண் கொஞ்சம் விலகினாலும் காட்சி அறுந்துபோகாது. கடலுக்குப் போகிறவர்கள் கையில் 7×50 இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் நின்றதோ மொட்டை மாடியில்.

மூன்றாவதாக 8×42-க்கு வந்தேன். 8-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பலரும் பெரிதாக நினைக்கிறார்கள். ஒரு கிலோமீட்டரை 8-ஆல் வகுத்தால் 125 மீட்டர், 10-ஆல் வகுத்தால் 100. அந்த 25 மீட்டருக்காகக் கூடுதல் நடுக்கத்தை ஏற்பதா என்பதுதான் கேள்வி. உறுதியான கை உள்ளவர்கள் ஏற்கலாம். எனக்கு 8 போதும்.

கணக்கு உண்மையிலேயே காசாக மாறியது ஒரு பழைய 10×50 விலைக்கு வந்தபோது. நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போனேன். விற்பவர் பெட்டி, உறை, துடைக்கும் துணி எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். நான் கையோடு கொண்டுபோனது ஸ்கேல், டிரேசிங் தாள், டார்ச். கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் தாளைப் பிடித்து, முன்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, வட்டம் மிகச் சிறிதாகவும் கூர்மையாகவும் விழும் இடத்தில் அளந்தேன். 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5 மி.மீ. வர வேண்டும். வந்தது 4-க்குப் பக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வளவு சிறிய வட்டத்தை ஸ்கேலில் அளக்கும்போது அரை மில்லிமீட்டர் தவறுவது சாதாரணம். அதைப் பத்தால் பெருக்கும்போது அந்தத் தவறும் பத்து மடங்காகி 5 மி.மீ. ஆகிவிடும். 4×10=40 என்று சொன்னால் அது உண்மையில் 35-ஆகவும் இருக்கலாம், 45-ஆகவும் இருக்கலாம். இதை வைத்து ஒருவரிடம் பேரம் பேசுவது நியாயமில்லை. அதனால் திருப்பிச் செய்தேன். கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி டார்ச்சைப் பிடித்து, ஒளியை உள்ளே செலுத்தி, முன்பக்க லென்ஸை ஒட்டித் தாளைப் பிடித்தேன். தாளில் விழும் வட்டம்தான் உண்மையில் வேலை செய்யும் கண்ணாடியின் அளவு. இங்கே எதையும் பெருக்கத் தேவையில்லை, ஆகவே பிழையும் பெருகாது. வட்டம் 40 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. முன்னால் 50 மி.மீ. கண்ணாடி இருப்பது நிஜம்தான். உள்ளே எங்கோ ஒரு வளையமோ, ஒளியைத் திருப்பும் சின்னப் பட்டகமோ (பிரிசம்) ஓரத்து ஒளியை வெட்டிக்கொண்டிருந்தது. விலை குறைந்த கருவிகளில் இது நடப்பதுண்டு, ஓரத்தை வெட்டினால் பிம்பத்தின் குறைகள் மறையும்.

40-க்கும் 50-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று விற்பவர் கேட்டார். மறுபடியும் வர்க்கம். 1600-க்கு 2500. வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம். தாளில் இருந்த வட்டத்தை அவரே அளந்து பார்த்தார், இரண்டு தடவை. கடைசியில் நண்பர் அதை ஒரு 10×40-இன் விலைக்கு வாங்கினார். இன்றைக்கும் பயன்படுத்துகிறார், மோசமான கருவி ஒன்றுமில்லை. பொறித்திருந்த எண்தான் பொய்.

கண்ணருகு லென்ஸில் மிதக்கும் வட்டத்தின் வடிவத்தையும் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டு, மங்கலான சதுரம்போல் தெரிந்தால் பட்டகத்தில் பி.கே.7 என்ற கண்ணாடி இருக்க வாய்ப்பு அதிகம். பி.ஏ.கே.4 கண்ணாடியில் வட்டம் முழுதாக இருக்கும். போரோ வகைப் பைனாகுலரில், அதாவது குழாய் நேராகப் போகாமல் தோள்பட்டை போல மடிந்து இறங்கும் வகையில், இது எளிதாகத் தெரியும். இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. பழையது என்று ஒதுக்க வேண்டாம், ஒரே விலையில் நேர்க்குழாய் வகையைவிடப் போரோ நல்ல காட்சி தருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தூசியும் நீரும் புகாமல் இருப்பதில் நேர்க்குழாய்கள் பொதுவாக மேல்.

முதல் எண்ணையும் சோதிக்கலாம். செங்கல் வரிசை தெரியும் சுவரோ கம்பி வேலியோ போதும். ஒரு கண்ணைப் பைனாகுலரில் வைத்து, மற்றக் கண்ணால் நேரடியாகப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பெரிதாகத் தெரியும் ஒரு செங்கல், சாதாரணமாகத் தெரியும் எத்தனை செங்கற்களை மறைக்கிறது என்று எண்ணினால் அதுதான் மடங்கு. கலிலியோ 1610-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: பரப்பில் ஒன்று மற்றதைப்போல் 400 மடங்கு இருக்குமாறு, அதாவது விட்டத்தில் 20 மடங்கு, இரண்டு காகித வட்டங்களைச் சுவரில் ஒட்டி, சின்னதைக் கருவி வழியாகவும் பெரியதை வெறும் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார். தன் கருவி முப்பது மடங்குக்கு மேல் அருகிலும் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு பெரிதாகவும் காட்டுவதாக அவர் எழுதியது முரண் அல்ல. 30-ஐ 30-ஆல் பெருக்கினால் 900. ஒன்று நீளக் கணக்கு, மற்றது பரப்புக் கணக்கு. இதே வித்தையை என்னிடம் ஒரு விற்பனையாளரும் காட்டினார், "சார், இது நூறு மடங்கு" என்று. கையில் இருந்தது 10×25.

பார்வைப் புலம், அதாவது ஒரே பார்வையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது, மேலே சொன்ன எண்களைவிட முக்கியம் என்பது என் கட்சி. அதை மூன்று விதமாக எழுதிக் குழப்புவார்கள்: பாகை, 1000 மீட்டரில் இத்தனை மீட்டர், 1000 கஜத்தில் இத்தனை அடி. ஒரு பாகைக்கு 1000 மீட்டரில் ஏறக்குறைய 17.5 மீட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் முதல் இரண்டும் தீர்ந்தது. அடிக் கணக்கில் தந்திருந்தால் மூன்றால் வகுத்துவிடுங்கள், கஜத்துக்கு மூன்று அடி. 1000 கஜத்தில் 393 அடி என்றால் 131 கஜம், அதே விகிதத்தில் 1000 மீட்டரில் 131 மீட்டர். ஒரு விளம்பரத்தில் 393, இன்னொன்றில் 131 என்று பார்த்துவிட்டு முதலாவது மூன்று மடங்கு அகலம் என்று நானும் ஒருநாள் நினைத்ததுண்டு.

என்னுடையதை நானே அளந்தேன். நீளமான சுவரில் டேப்பைக் கிடைமட்டமாக ஒட்டி, சரியாக 20 மீட்டர் தள்ளி நின்று, வட்டத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை தெரிகிறது என்று படித்தேன். 2 மீட்டர் 60 சென்டிமீட்டர். 20-ஐ 1000 ஆக்க 50-ஆல் பெருக்க வேண்டும்: 130 மீட்டர். 17.5-ஆல் வகுத்தால் 7.4 பாகை. பெட்டியில் 7.5 என்று போட்டிருந்தார்கள், பரவாயில்லை. இதை 8-ஆல் பெருக்கினால் 60-க்குச் சற்றே குறைவு, கண்ணுக்கு முன்னால் விரியும் காட்சியின் அகலம் தோராயமாக இவ்வளவு பாகை. 60 பக்கம் இருந்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். 40 என்றால் குழாய்க்குள் பார்ப்பதுபோல. ஜூம் பைனாகுலர்களை நான் யாருக்கும் சொல்லாததற்கு இது ஒன்றே போதும், அவற்றின் குறைந்த மடங்கில் காட்சி பெரும்பாலும் குழாய்தான்.

அடுத்தது பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியில் ஒளி நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு திருப்பியடிக்கப்படும். ஒரு குழாயில் 16 பரப்புகள் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு நாலு அறுபத்து நாலு, மிச்சம் 36 விழுக்காடுதான் என்று கழிக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு பரப்பிலும் போவது, அதுவரை வந்து சேர்ந்த ஒளியில் 4 விழுக்காடு. ஆகவே 0.96-ஐப் பதினாறு முறை பெருக்க வேண்டும். 0.52 வரும், அதாவது பாதி. ஒரு பரப்புக்கு அரை விழுக்காடு மட்டுமே இழக்கும் நல்ல பலஅடுக்குப் பூச்சு என்றால் 0.92. கண்ணாடியும் அளவும் அதேதான், வெளிச்சம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1935-இல் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) ஒளியியல் நிறுவனத்தில் வேலை செய்த ஒலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த ஒற்றை அடுக்குப் பூச்சிலிருந்து வளர்ந்த இதை, 42-ஐ 50 ஆக்குவதைவிடப் பெரிய லாபம் என்பேன். சோதிக்க, முன்பக்க லென்ஸில் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் நல்லது. வெள்ளையாகப் பளிச்சென்று திரும்பி வந்தால் பூச்சு இல்லை. மாணிக்கச் சிவப்பில் மின்னும் லென்ஸ்கள் பார்க்க ஜோர். ஆனால் அந்தச் சிவப்பு உங்கள் கண்ணுக்கு வராமல் திரும்பிப் போகிற ஒளி.

பழையது வாங்கும்போது இன்னும் சில. முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலைபோலத் தெரியும், இருந்தால் விட்டுவிடுங்கள். கூரை விளிம்பு போன்ற ஒரு கிடைக்கோட்டைப் பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். இரண்டு வட்டங்களிலும் கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். படிபோல ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் அரை மணி நேரத்தில் தலைவலி நிச்சயம், விழுந்து அடிபட்ட கருவி அது. கண்ணாடி அணிபவர்கள், கண்ணை எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். என் பெட்டியில் 17 மி.மீ. என்று இருந்தது. லென்ஸிலிருந்து அளந்திருக்கிறார்கள். கண்ணாடி முட்டுவதோ ரப்பர் விளிம்பில். அங்கிருந்து அளந்தால் 14.

இவ்வளவையும் பேத்தியிடம் ஒரே நாளில் கொட்டவில்லை. அவளுடைய முதல் புகார் வேறு: "ரெண்டு வட்டம் தெரியுது தாத்தா." அவளுடைய இரு கண்களின் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 53 மி.மீ. என் கருவியை முழுக்க மடக்கினாலும் 56-க்குக் கீழே இறங்காது. என் வீட்டிலேயே ஓர் ஆளுக்கு அது ஒற்றைக்கண் கருவிதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுடைய 336-க்கும் ஒரு பயன் இருக்கிறது என்று பிறகு சொன்னேன். அதன் வர்க்கமூலம் 18.3. மங்கலான வெளிச்சத்தில் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதற்கான ஓர் அந்தி எண்ணாகச் சில தயாரிப்பாளர்கள் இதை விவரக் குறிப்பில் போடுகிறார்கள். ஆனால் அதே கணக்கில் என் பழைய 20×50-க்கு 31.6 வரும். அதை வைத்துக்கொண்டு அந்தியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணாடியின் தரமோ கை நடுக்கமோ இந்த எண்ணுக்குள் இல்லை. ஒரே வகையான, ஏறக்குறைய ஒரே தரமான இரண்டை ஒப்பிட வேண்டுமானால் பார்க்கலாம், மற்றபடி நான் அதைச் சீண்டுவதில்லை.

"அப்ப என் கணக்கு தப்பில்ல" என்றாள்.

கடைசியாக ஒன்று செய்தோம். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தெரிகிறது, அதாவது ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் மின்டாகா ஏறக்குறைய வான நடுக்கோட்டின் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் கற்பனை செய்யும் கோடு) மேலேயே இருப்பதால் அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். பைனாகுலரை ட்ரைபாடில் இறுக்கி, மின்டாகா வட்டத்தின் நடுவழியாகக் கடக்குமாறு வைத்து, ஓரத்தில் நுழையும்போது கடிகாரத்தை ஓடவிட்டோம். பெட்டியில் சொன்னபடி 7.5 என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டேன். யோசிக்காமல் முப்பது என்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாறி மாறிக் காவல் இருந்தோம். இருபதாவது நிமிடத்தில் அவள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். நட்சத்திரம் மறு ஓரத்தில் மறைந்தபோது 29 நிமிடம் 40 வினாடி. நாலால் வகுத்தேன், 7.4. டேப் சொன்னதும் அதுதான்.